பெருந்தள்ளுபடியில் கிடைக்கும் எஃப்சி 25: யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். கடைசியாக நீங்கள் வாங்கிய கால்பந்து விளையாட்டு ஃபிஃபா 19. இப்போது அதே தொடரில் பெயர் மாறி வந்திருக்கும் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 25-இன் கணினிப் பதிப்பு 80 சதவீதத் தள்ளுபடியில் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்கு அடுத்ததான எஃப்சி 26 வந்துவிட்ட பிறகு பழையதற்குப் பணம் கொடுப்பது வீண்செலவாகுமா என்று தயங்குகிறீர்கள். விடுமுறை நாட்களில் தம்பியுடன் ஒரே மடிக்கணினியில் விளையாடுவதும், மற்ற நாட்களில் தனியாக ஓர் அணியை மேலாளராக நடத்திப் பல சீசன்களைக் கடத்துவதும் உங்கள் வழக்கம். தம்பிக்கு மட்டும், வீரர்களை அட்டைகளாகச் சேர்த்து இணையத்தில் ஆடும் அல்டிமேட் டீம் மீது ஆசை இருக்கிறது.

சுருக்கமான பதில்: உங்களுக்காக என்றால் தாராளமாக வாங்குங்கள், தம்பியின் ஆசைக்காக என்றால் இந்த விலையிலும் வேண்டாம். ஒரே விளையாட்டுக்கு எப்படி இரண்டு பதில் என்று உங்களுக்குத் தோன்றலாம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தத் தொடரில் ஆண்டுதோறும், பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில், ஒரு புதிய பதிப்பு வருகிறது. எஃப்சி 24 வெளியானது 2023 செப்டம்பர் 29 அன்று. எஃப்சி 25 வந்தது 2024 செப்டம்பர் 27. எஃப்சி 26 வந்தது 2025 செப்டம்பர் 26. அமெரிக்காவில் ஏறக்குறைய 70 டாலருக்கு அறிமுகமாகும் விளையாட்டு, நவம்பர் மாதத் தள்ளுபடி விற்பனையிலேயே விலை இறங்கத் தொடங்கி, அடுத்த பதிப்பு வந்ததும் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. விளையாட்டு மோசமாக இருப்பதால் விலை விழுகிறது என்று எண்ண வேண்டாம். நீங்கள் வாங்கும் ஒரு பெட்டிக்குள் உண்மையில் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் கணினியிலேயே ஓடுவது: நண்பருடன் ஆடும் கிக் ஆஃப், மேலாளராகவும் தனி வீரராகவும் ஆடும் கேரியர் மோட், கோப்பைத் தொடர்கள். மற்றொன்று நிறுவனத்தின் சர்வரை நம்பி ஓடுவது: அல்டிமேட் டீம், கிளப்ஸ், இணையவழிப் போட்டிகள். இந்த இரண்டாவது விளையாட்டுக்கு ஆயுள் ஓர் ஆண்டுதான். செப்டம்பரில் கூட்டம் அடுத்த பதிப்புக்குக் குடிபெயர்ந்துவிடும். எதிராளி கிடைக்கக் காத்திருக்கும் நேரம் நீளும். சில ஆண்டுகளில் சர்வரையே மூடிவிடுவார்கள். முதலாவதுக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. நீங்கள் ஆடுவது முதலாவதை என்பதால், வயதின் பெயரால் தரப்படும் இந்தத் தள்ளுபடியில் உங்களுக்கு லாபம் மட்டுமே மிஞ்சுகிறது.

ஃபிஃபா 19-இலிருந்து வருகிறீர்கள் என்பதும் முக்கியம். எஃப்சி 24 வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். இடையில் ஐந்து பதிப்புகள் கடந்துவிட்டதால், உங்களுக்கு இது வேறொரு விளையாட்டாகவே தெரியும்.

முதலில் களத்தைப் பார்ப்போம். ஃபிஃபா 23 வரும் வரை கணினியில் ஆடுபவர்களுக்குப் பழைய தலைமுறைக் கன்சோல்களின் விளையாட்டையே கொடுத்து வந்தார்கள். அந்தப் பதிப்பில்தான் புதிய கன்சோல்களுக்கான விளையாட்டு முதன்முதலாகக் கணினிக்கு வந்தது. உண்மையான ஆட்டங்களில் வீரர்களின் அசைவுகளைப் பதிந்து அதிலிருந்து உருவாக்கிய ஓட்டமும் திரும்பலும் எஃப்சி 25-இல் இருக்கின்றன. ஃபிஃபா 19-இல் எல்லா வீரர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஓடுவார்கள் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள். இதில் நார்வே வீரர் ஹாலண்டின் நெடிய பாய்ச்சலையும், கோட்டோரமாக ஓடித் தாக்கும் குட்டையான ஒரு விங்கரின் சிறு சிறு அடிகளையும் முதுகு எண்ணைப் பார்க்காமலே பிரித்தறியலாம்.

அதைவிடப் பெரிய மாற்றம் எஃப்சி ஐக்யூ என்று அவர்கள் பெயரிட்டிருக்கும் வியூக அமைப்பு. முன்பு ஒவ்வொரு வீரருக்கும் தாக்குதலில் எவ்வளவு உழைப்பு, தற்காப்பில் எவ்வளவு உழைப்பு என்று இரண்டு அளவுகள் இருந்தன. எஃப்சி 25 அதை நீக்கிவிட்டு, 50-க்கும் மேற்பட்ட பொறுப்புகளைக் கொண்டுவந்தது. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். வலப்பக்கத் தற்காப்பு வீரரான உங்கள் ரைட் பேக்குக்கு ஃபால்ஸ்பேக் என்ற பொறுப்பைக் கொடுத்துவிட்டு, உங்கள் கோல்கீப்பர் பந்தை உருட்டிவிடும் அந்த நொடியில் அந்த ரைட் பேக்கைப் பாருங்கள். அவர் பக்கவாட்டுக் கோட்டை விட்டு நகர்ந்து, தற்காப்பு நடுக்கள வீரருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். எதிரணியின் விங்கர் அவரைப் பின்தொடர்ந்து உள்ளே வந்தால், கோட்டோரம் முழுவதும் உங்கள் விங்கருக்குத் திறந்துகிடக்கும். வராவிட்டால் நடுக்களத்தில் உங்களுக்கு ஓர் ஆள் கூடுதல். பந்தைப் பறிகொடுத்துவிட்டால் அவர் விட்டுவந்த இடத்தில்தான் அடி விழும் என்பதால், அந்த முடிவின் விலையும் உடனே தெரியும். தொலைக்காட்சியில் பயிற்சியாளர் கார்டியோலாவின் அணி ஆடும்போது நாம் பார்த்து வியக்கும் ஒன்றை நம் கையால் செய்து, அதன் பலனையும் ஆபத்தையும் ஒரே ஆட்டத்தில் அனுபவிக்க முடிகிறது. மேலாளராக ஆடுபவருக்கு இது ஒன்றே கொடுத்த காசுக்கு ஈடு என்பது என் கருத்து.

கேரியர் மோடில் சொந்தமாக ஒரு கிளப்பை உருவாக்கும் வசதி ஃபிஃபா 22-இல் சேர்ந்தது. அது இதிலும் உண்டு. நான் வியாசர்பாடி என்று பெயர் வைத்து, சட்டை நிறமும் சின்னமும் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் ஓர் அணிக்குப் பதிலாக அதை நுழைத்து ஆடினேன். முதல் சீசனில் பதினான்காம் இடம். இரண்டாவதில் பிளே ஆஃப் அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் தோல்வி. அந்த ஆட்டம் இன்னும் என் மனத்தில் இருக்கிறது. பெரிய கிளப்பை எடுத்துக்கொண்டு கோப்பைகளைக் குவிப்பதைவிட, ஐந்து லட்சத்துக்கு ஒரு லெஃப்ட் பேக் கிடைப்பாரா என்று தேடி அலைவதில் இந்த விளையாட்டின் சுவை அதிகம் என்று உங்களுக்கு உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் பழைய பதிப்பில் இல்லாத இன்னும் சிலவும் இருக்கின்றன. இந்தியன் சூப்பர் லீக் ஃபிஃபா 22-இல்தான் இந்தத் தொடருக்குள் வந்தது. எஃப்சி 25-இலும் இருப்பதால், 2015-இலும் 2017-18 சீசனிலும் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சியை நீங்கள் எடுத்து ஆடலாம். பெண்கள் கிளப் கால்பந்து ஃபிஃபா 23-இல் சேர்ந்தது. பெண்கள் அணிக்கு மேலாளராகும் வாய்ப்பு எஃப்சி 25-இல் வந்தது. சாம்பியன்ஸ் லீக் 36 அணிகள், ஆளுக்கு எட்டு ஆட்டங்கள் என்று மாறிய புதிய வடிவத்தில் இருக்கிறது.

தம்பியுடன் ஆடுவதற்கு ரஷ் என்ற புதிய வகை இருக்கிறது. சிறிய மைதானம்; பக்கத்துக்கு நான்கு வீரர்கள், கோல்கீப்பரைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆஃப்சைடு விதி கோலுக்கு அருகிலுள்ள மூன்றில் ஒரு பகுதியில் மட்டும்தான் செல்லும். பெரிய தவறு செய்தால் சிவப்பு அட்டைக்குப் பதிலாக நீல அட்டை காட்டி ஒரு நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். தெருவில் செருப்பை கோல்போஸ்ட்டாக வைத்து ஆடியவர்களுக்கு இந்த ஆட்டத்தின் வேகம் உடனே பிடித்துப்போகும்.

இனி வயதாகிப் போனவற்றைச் சொல்ல வேண்டும். எஃப்சி 25 வெளியானபோது இருந்த அணிகள் 2024 கோடைக்கால நிலவரப்படி அமைந்தவை. அதன்பின் டிரென்ட் அலெக்சாண்டர் ஆர்னால்டு ரியல் மாட்ரிடுக்கும், டி புரூய்ன நாப்போலிக்கும், விர்ட்ஸ் லிவர்பூலுக்கும், சோன் ஹியுங் மின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போய்விட்டார்கள். அணிகளைத் திருத்தும் பகுதியில் வீரர்களை ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களே மாற்றிவிட்டு, பிறகு கேரியரைத் தொடங்கலாம். பெரிய மாற்றங்களை மட்டும் செய்தால் ஓர் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். கேரியரில் மூன்றாவது சீசனைத் தொட்டுவிட்டால் உங்கள் உலகமும் வெளியுலகமும் எப்படியும் வேறு வேறாகிவிடும் என்பதால், எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றியதில்லை.

திருத்த முடியாத குறை வேறொன்று. இன்டர், ஏசி மிலான் இரண்டின் உரிமமும் இந்தப் பதிப்பில் இல்லாததால், இன்டர் அணி ‘லொம்பார்டியா எஃப்சி’ என்றும், ஏசி மிலான் அணி ‘மிலானோ எஃப்சி’ என்றும் வேறு சின்னத்துடனும் வேறு சட்டையுடனும் வருகின்றன. வீரர்களின் பெயர்கள் உண்மையானவையே. உங்கள் நேசத்துக்குரிய அணி இந்த இரண்டில் ஒன்று என்றால், இன்டரின் நீலக் கறுப்புச் சட்டையையோ மிலானின் சிவப்பு கறுப்புச் சட்டையையோ பார்க்காமல் நூறு ஆட்டம் ஆட முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். அல்டிமேட் டீமில் வீரர்கள் அட்டைகளாக வருவார்கள். ஆடிச் சேர்க்கும் நாணயத்தாலோ உண்மைப் பணத்தாலோ பொட்டலங்களை வாங்கிப் பிரித்தால், உள்ளே யார் இருப்பார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆண்டு முழுவதும் சேர்த்த அட்டைகளில் ஒன்றுகூட அடுத்த பதிப்புக்கு வராது. இந்த வகையில் கிடைக்கும் வருமானம் சிறியதல்ல. 2021 நிதியாண்டில் அல்டிமேட் டீம் மூலம் மட்டும் 162 கோடி டாலர் வந்ததாக நிறுவனத்தின் கணக்கறிக்கையே சொன்னது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இத்தகைய பொட்டலங்களைச் சூதாட்டம் என்று தீர்மானித்தது. 2019 ஜனவரி முடிவில் அந்த நாட்டில் பணத்துக்கு விற்பது நிறுத்தப்பட்டது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். ஆனால் 2022 மார்ச்சில் அங்குள்ள உயர்நிலை நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டம் எந்தப் பக்கம் நின்றாலும், பொட்டலம் பிரியும்போது வரும் வாணவேடிக்கையும், ஒளி எந்த நிறத்தில் வருகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த இரண்டு நொடியும் எதற்காக அமைக்கப்பட்டவை என்பது பார்த்தவுடன் புரியும். ஒரு பள்ளி மாணவன் கையில் சேமித்துவைத்த வங்கி அட்டை எண்ணோடு அதைக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பழைய பதிப்பில் இந்தச் செலவு இன்னும் பயனற்றது. எஃப்சி 25-இல் இன்று நீங்கள் சேர்க்கும் அணியோடு மோதக் குறைந்த பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அப்படி மிஞ்சியவர்களும் ஓராண்டுக்கு மேல் சேர்த்த உச்ச அட்டைகளை வைத்திருப்பவர்கள் என்பதால், புதிதாக நுழைபவர் பத்து ஆட்டத்தில் எட்டில் தோற்றுவிட்டு, பணம் கொடுத்தாவது ஈடுகட்டலாமா என்று எண்ணத் தொடங்குவார். 2022 ஜூலையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்: எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடையின் இந்தியப் பிரிவில் ஃபிஃபா 23 அல்டிமேட் எடிஷனின் விலை 4,799 ரூபாய் என்று வருவதற்குப் பதிலாகத் தவறுதலாக 4 ரூபாய் 80 காசு என்று வந்துவிட்டது; அந்த விலையில் முன்பதிவு செய்தவர்களுக்கு நிறுவனம் வாக்குத் தவறாமல் விளையாட்டைக் கொடுக்கவும் செய்தது. ஐந்து ரூபாய்க்குள் வாங்கிய அவர்களும் அடுத்த ஆண்டு அல்டிமேட் டீமில் வெறுங்கையோடுதான் தொடங்கியிருப்பார்கள். தம்பிக்கு இணையத்தில் ஆடியே தீர வேண்டுமென்றால், கொனாமியின் ஈஃபுட்பால் 2021 செப்டம்பர் 30 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, கைபேசியிலும் ஓடும். அதிலும் பணம் கொடுத்து வீரர்களைப் பெறும் ஏற்பாடு உண்டு என்பதால் கண்காணிப்பு தேவை. கொனாமியின் முந்தைய விளையாட்டுகளில் இருந்த மாஸ்டர் லீக் போன்ற மேலாளர் விளையாட்டு அதில் இல்லை. எனவே உங்களுக்கு அது மாற்றாகாது.

எஃப்சி 26-ஐ விட்டுவிடுவதால் நீங்கள் இழப்பது என்ன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதில் ஆட்டத்தின் நடையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இணையப் போட்டிக்கு விரைவான நடை. கேரியருக்கு நிஜ ஆட்டத்தை ஒத்த நிதானமான நடை. உங்களைப் போல ஆடுபவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த மாற்றம் அது, நல்ல மாற்றமும்கூட. ஆனால் அதன் பெரும்பங்கை எஃப்சி 25-இல் ஆட்டத்தின் அளவுகளைக் கூட்டிக் குறைக்க உதவும் ஸ்லைடர்களைக் கொண்டு நாமே உருவாக்கிக்கொள்ள முடியும். பெரும்பாலான அளவுகள் 50-இல் இருக்கும். உங்கள் அணிக்கும் கணினியின் அணிக்கும் சேர்த்தே ஓட்ட வேகத்தைச் சற்றுக் குறைத்து, பாஸ் பிழையை அறுபதுக்கு மேல் ஏற்றி, பாஸ் வேகத்தை நாற்பதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், பந்து மேசைமேல் உருளும் கோலிபோல ஓடாமல் புல்லில் உருளத் தொடங்கும். மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடிப் பார்த்து இரண்டிரண்டு புள்ளியாக மாற்றுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும். எஃப்சி 26-ம் அடுத்த செப்டம்பருக்குப் பின் இதே விலைக்கு இறங்கும். இரண்டு மூன்று பதிப்புகளுக்கு ஒருமுறை, ஓராண்டு பின்தங்கி வாங்குவதே கேரியர் ஆடுபவருக்குச் சரியான கணக்கு.

பணம் கட்டும் முன் மடிக்கணினியைச் சோதிக்க வேண்டும். ஃபிஃபா 19 ஓடிய கணினியில் இது ஓடும் என்பதற்கு உறுதி இல்லை. குறைந்தபட்சத் தேவையாக ஐ5 6600கே அல்லது ரைசன் 5 1600 அளவிலான செயலி, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 570 வகையில் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 64 பிட் விண்டோஸ் 10 ஆகியவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். மடிக்கணினிச் செயலிகள் அதே பெயர்வரிசை கொண்ட மேசைக்கணினிச் செயலிகளைவிட வலுக் குறைந்தவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக மடிக்கணினி என்றால் இந்த எண்ணத்தை இப்போதே கைவிட்டுவிடலாம்.

வட்டில் 100 ஜிபி இடம் வேண்டும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ஓர் இரவு வேலை. தினம் 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தை நம்பியிருந்தால் ஐம்பது நாள் வரை ஆகலாம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினாலும் இஏ செயலியை நிறுவி அதில் கணக்குத் தொடங்கியாக வேண்டும். ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள் ஒன்று உடன் வருகிறது. அது விண்டோஸில் மட்டுமே இயங்குவதால், லினக்ஸிலோ ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியிலோ இந்த விளையாட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

ஓடுமா ஓடாதா என்ற ஐயம் இருந்தால் ஸ்டீமிலேயே வாங்குங்கள். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணியைப் பட்டியல்களைப் புரட்டுவதில் செலவழித்துவிடாமல், திறந்தவுடன் பெரிய மைதானம் ஒன்றில், மழை பெய்யும் இரவு ஆட்டம் ஒன்றை வைத்து, கார்னர் எடுக்கும்போது படம் திக்கித் திணறுகிறதா என்று பாருங்கள். இருபத்திரண்டு பேரில் பெரும்பாலோர் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடிக்கும் அந்த நேரத்தில் தடுமாறவில்லை என்றால் மற்ற நேரங்களில் கவலை இல்லை. இரண்டு கன்ட்ரோலர்களையும் செருகி, இரண்டையும் விளையாட்டு அடையாளம் காண்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தெரியாத தளங்களில் இன்னும் மலிவாக, விளையாட்டைத் திறக்கும் குறியீடான ஆக்டிவேஷன் கீ விற்பார்கள்; அதில் ஃபிஃபா 23 கீயும் வரும். அந்தப் பெயருக்கான உரிமம் முடிந்துபோனதால், 2023 செப்டம்பரில் ஃபிஃபா பெயரிலான பதிப்புகளை அதிகாரபூர்வ டிஜிட்டல் கடைகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குப் பின் வெளியில் உலவும் கீ எங்கிருந்து வந்தது என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு சிறு தளத்தில் வாங்கிய கீ, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று திரும்பிவிட்டது, பணமும் திரும்பவில்லை.

இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த விளையாட்டுகள் வெளியாகி எட்டு ஒன்பது மாதத்தில் இஏ ப்ளே சந்தாவுக்குள் வருவது வழக்கம். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா உங்களிடமோ நண்பரிடமோ இருந்தால், இஏ ப்ளேயும் அதில் அடங்கும் என்பதால், தனியாக வாங்கத் தேவையே இல்லாமல் போகலாம். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு 2022 மே மாதம் ஃபிஃபா 22-உம், 2024 மே மாதம் எஃப்சி 24-உம் பிளஸ் சந்தாவுடன் கூடுதல் கட்டணமின்றிக் கிடைத்தன. ஆனால் உங்கள் வகை ஆட்டத்துக்குச் சந்தாவில் ஒரு சிக்கல் இருக்கிறது: சந்தா நின்றால் பத்தாவது சீசனில் இருக்கும் உங்கள் கேரியரும் பூட்டிக்கொள்ளும். ஒரு மாதச் சந்தாவில் ஆடிப் பார்த்து, பிடித்தால் தள்ளுபடி நாளில் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது. சேமிப்புக் கோப்பை மட்டும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஸ்டாண்டர்ட் எடிஷனுக்குப் பக்கத்தில் சற்றுக் கூடுதல் விலையில் அல்டிமேட் எடிஷனும் தள்ளுபடியில் நிற்கும். அதில் கூடுதலாகத் தருவதில் பெரும்பங்கு அல்டிமேட் டீமுக்கான புள்ளிகளும் அட்டைகளும்தான் என்பதால், உங்களுக்கு அது வேண்டாம். ஸ்டாண்டர்டை வாங்கி, மிச்சமாகும் பணத்தை இரண்டாவது கன்ட்ரோலருக்குச் சேர்த்து வையுங்கள்.